பிரிஞ்சிருக்காங்க, ஆனா டைவர்ஸ் இன்னும் ஆகல: அப்படி ஒருத்தரோட பழகறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கேக்க வேண்டிய கேள்விய கேக்கறதுக்கு எனக்கு எட்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் நான் கேட்டதெல்லாம் "டைவர்ஸ் எப்ப வரும்?" தான், நான் பழகிட்டிருந்தவரும் "கேஸ் போயிட்டிருக்கு, கோர்ட்டுன்னா லேட் ஆகத்தான் செய்யும்"னு சொல்லுவாரு, நானும் தலையாட்டிட்டு விட்டுருவேன். ஒரு நாள் பேச்சுவாக்குல "பெட்டிஷன் போட்டது நீங்களா அவங்களா?"ன்னு கேட்டேன். பதிலே வரல. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு, வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு போயிருக்கு, அதுக்கு பதில் நோட்டீஸ் ஒண்ணு வந்திருக்கு, அதோட சரி. கோர்ட் வாசல யாருமே மிதிக்கல.

அவரு என்னை ஏமாத்தணும்னு அப்படி சொன்னதா நான் இப்பவும் நினைக்கல. நோட்டீஸ் அனுப்பினதே அவருக்கு பெரிய விஷயமா இருந்திருக்கு, மனசுக்குள்ள கேஸ் நடந்துட்டுதான் இருந்திருக்கு. ஆனா எட்டு மாசம் போனது என்னோடதுதானே?

பழகலாமா கூடாதான்னு இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்ல, நானே பழகினவதான். கல்யாணம் உள்ளுக்குள்ள செத்து பல வருஷமாகியும் பேப்பர் மட்டும் பாக்கி இருக்கறவங்க இருக்காங்க, நேத்து ராத்திரி சண்டை போட்டுட்டு ப்ரெண்ட் ரூம்ல வந்து படுத்திருக்கறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருமே சொல்ற வார்த்தை "செப்பரேட்டட்"தான். யாரு எவருன்னு பிரிச்சு பாக்கறது எப்படின்னுதான் எழுதியிருக்கேன்.

படி 1: எந்த மாதிரி பிரிவு?

முதல்ல இத தெரிஞ்சுக்காம மேல போகவே போகாதீங்க. கோவத்துல வீட்டை விட்டு வந்தது ஒரு வகை, சில வாரம்தான் ஆகியிருக்கும், ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க பஞ்சாயத்து பேசிட்டிருப்பாங்க. "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கலாம்"னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்ட இடைவெளி இன்னொரு வகை, இதுல கல்யாணம் முடியல, பரீட்சையில இருக்கு, இந்த இடத்துல உள்ள நுழைஞ்சா நீங்களும் அந்த பரீட்சையில ஒரு கேள்வியா ஆயிடுவீங்க, எனக்கு தெரிஞ்சு இதவிட மோசமான நேரம் கிடையாது. ஒரே வீட்டுல தனித்தனி ரூம்ல இருக்கறதும் நிஜமாவே நடக்கும், காசு பிரச்சனை, குழந்தைங்க, வீட்டு லோன்னு ஆயிரம் காரணம் இருக்கும், ஆனா வெளியில இருந்து பாக்கற உங்களுக்கு அத உறுதிப்படுத்திக்க வழியே இருக்காது.

அடுத்தது வருஷக்கணக்கா தனித்தனியா இருந்தும் யாருமே கேஸ் போடாம விட்டது. கேக்க நிம்மதியாத்தான் இருக்கும், "அதெல்லாம் முடிஞ்சு போன கதை"ம்பாங்க, ஆனா அஞ்சு வருஷமா ஒரு கையெழுத்துக்கு நகராதவங்க உங்களுக்காக மட்டும் ஏன் நகரணும்னு யோசிங்க. ஏதோ ஒரு காரணம் அவங்கள புடிச்சு வச்சிருக்கு, சொத்தோ பயமோ சோம்பலோ, அது என்னன்னு தெரியணும். கடைசியா, கேஸ் போட்டு நடந்துட்டிருக்கறவங்க. இருக்கறதுலயே தெளிவான நிலைமை இதுதான், ஆனா இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. சில நாடுகள்ல "ஜுடிஷியல் செப்பரேஷன்"னு கோர்ட்டே பிரிஞ்சு இருக்க உத்தரவு குடுக்கும். அது டைவர்ஸ் கிடையாது, கல்யாணம் அப்படியே நிக்கும், இன்னொரு கல்யாணம் பண்ணிக்க முடியாது. "கோர்ட் ஆர்டர் வந்தாச்சு"ன்னு யாராவது சொன்னா என்ன ஆர்டர்னு கேளுங்க.

இன்னொண்ணு. "என் எக்ஸ்"னு சொல்லுவாங்க. டிக்ரி, அதாவது கோர்ட் குடுக்கற டைவர்ஸ் தீர்ப்பு, வர்ற வரைக்கும் எக்ஸ் இல்ல. மரியாதைக்கு அப்படி சொல்லட்டும், நீங்க மட்டும் உங்க மனசுக்குள்ள சரியா வச்சுக்கோங்க.

படி 2: தேதி கேளுங்க, கதை கேக்காதீங்க

கல்யாணம் ஏன் உடைஞ்சுதுன்னு கேட்டா ரெண்டு மணி நேரம் பேசுவாங்க, நீங்களும் உருகிப் போயிருவீங்க, கடைசில தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணும் இருக்காது. தேதி, இடம், பேப்பர்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல நிலைமை புரிஞ்சிரும். எந்த மாசத்துல இருந்து தனியா இருக்கீங்க? முடிவு எடுத்தது யாரு? அவங்களுக்கு இது முடிஞ்சு போச்சுன்னு தெரியுமா, இல்ல நீங்க மட்டும் முடிவு பண்ணியிருக்கீங்களா? பெட்டிஷன் போட்டாச்சா, யாரு போட்டது, எந்த கோர்ட்டுல? மியூச்சுவலா, அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சு போட்டதா, இல்ல எதிர்த்து நடக்கறதா? அடுத்த வாய்தா எப்ப? கவுன்சிலிங், மீடியேஷன் ஏதாவது நடக்குதா? உங்க வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?

இதுல ரொம்ப முக்கியமானது எதுன்னா, அந்த பக்கத்துக்கு தெரியுமாங்கறதுதான். ஒருத்தர் மனசுக்குள்ள பிரிஞ்சுட்டாரு, இன்னொருத்தர் இன்னும் வீட்டுல காத்துட்டிருக்காங்கன்னா அதுக்கு பேரு பிரிவு இல்ல.

எப்ப கேக்கறதுன்னு குழம்ப வேணாம். முதல் சந்திப்புலயே வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்ண வேண்டாம், ஆனா ரெண்டாவது மூணாவது தடவை பாக்கும்போது, மனசு அந்தப் பக்கம் சாயறதுக்கு முன்னாடி கேட்டுருங்க. சாஞ்ச அப்புறம் கேட்டா நாம எந்த பதிலையும் ஏத்துக்குவோம், நான் ஏத்துக்கிட்டேன். நேர்மையா இருக்கறவங்க இந்த கேள்விக்கெல்லாம் கோவப்பட மாட்டாங்க, சங்கடப்படலாம், அது வேற. "என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு ஒரு தேதி கேட்டதுக்கே வந்தா, அந்த பதிலயும் ஒரு தகவலா குறிச்சு வச்சுக்கோங்க.

படி 3: சொல்றதும் நடக்கறதும் ஒத்து வருதான்னு பாருங்க

துப்பறிய வேண்டாம், போனை எடுத்து நோண்ட வேண்டாம். சாதாரணமா கண்ணுல படறதே போதும். ராத்திரி கூப்பிட்டா பேச முடியுதா? அவங்க இருக்கற வீட்டுக்கு நீங்க போயிருக்கீங்களா? ஒரே ஒரு ப்ரெண்டாவது, கூடப்பொறந்தவங்களாவது நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சவங்க உண்டா? லீவு நாள், பண்டிகை நாள் மட்டும் ஆளையே காணோமா? கேஸ் பேப்பர இதுவரைக்கும் கண்ணால பாத்திருக்கீங்களா? முழுசா படிக்க கேக்கறது அத்துமீறல்தான், அதுல அந்தப் பக்கத்தோட அந்தரங்கமும் இருக்கும், ஆனா கேஸ் நம்பர், தாக்கல் தேதி தெரியறதுல தப்பே இல்ல.

படி 4: சட்டம், அதாவது எல்லாரும் தள்ளிப்போடற படி

இந்த படி போரடிக்கும், ஆனா இதத் தாண்டி குதிச்சா பின்னாடி வலிக்கும். எவ்ளோ நாள் ஆகுங்கறது ஊருக்கு ஊரு வேற. இந்தியாவுல இந்து திருமணச் சட்டப்படி மியூச்சுவல் கன்சென்ட்னா ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்த அப்புறம்தான் மனு போட முடியும், போட்டதுக்கு மேல ஆறு மாசம் காத்திருக்கணும், அந்த ஆறு மாசத்த தேவைப்பட்டா கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017ல சொல்லுச்சு. டிக்ரி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர்ல ஒருத்தர் சம்மதத்த வாபஸ் வாங்கிட்டா மியூச்சுவல் அங்கயே படுத்துரும், இத பல பேர் கணக்குலயே எடுக்கறதில்ல. எதிர்த்து நடத்தற கேஸ்னா வருஷக்கணக்கு. இங்கிலாந்துல 2022 ஏப்ரல்ல இருந்து யார் மேலயும் குத்தம் சொல்லாமலே வாங்கிக்கலாம், ஆனாலும் மனு போட்டு 20 வாரம், அதுக்கு மேல 6 வாரம் காத்திருக்கணும். சிங்கப்பூர்ல பிரிஞ்சு இருந்தத காரணமா காட்டினா சம்மதத்தோட மூணு வருஷம், சம்மதம் இல்லாம நாலு வருஷம், 2024 ஜூலைல இருந்து ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாலே போதும்ங்கற வழியும் வந்திருக்கு.

கனடாவும் ஆஸ்திரேலியாவும்தான் எனக்கு சுவாரசியமா பட்டுது. ரெண்டு இடத்துலயும் பொதுவா ஒரு வருஷம் பிரிஞ்சு இருக்கணும். நடுவுல "திரும்ப சேந்து வாழ்ந்து பாக்கலாம்"னு போனா கனடாவுல 90 நாள் வரைக்கும், ஆஸ்திரேலியாவுல ஒரு தடவை மூணு மாசம் வரைக்கும் அந்த ஒரு வருஷக் கணக்கு கலையாது. பிரிஞ்சவங்க ஒரு தடவையாவது திரும்பிப் போய் பாப்பாங்கன்னு சட்டமே எதிர்பார்த்து இடம் விட்டு எழுதியிருக்கு. நாம மட்டும் நம்மாளு போகவே மாட்டாருன்னு சத்தியம் பண்ணிட்டிருக்கோம்.

அடுத்தது உங்களால அவங்க கேஸுக்கு வர்ற ஆபத்து. இந்தியாவுல 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தகாத உறவு கிரிமினல் குத்தம் இல்லன்னு சொல்லிடுச்சு, அத மட்டும் கேட்டுட்டு "இனி பிரச்சனையில்ல"ன்னு நினைக்கறவங்க நிறைய. டைவர்ஸ் கேக்கறதுக்கு அது இன்னும் ஒரு காரணமாத்தான் இருக்கு. நீங்க பழகறவங்க பொண்ணா இருந்து ஜீவனாம்ச கேஸும் நடக்குதுன்னா அந்தப் பக்கத்து வக்கீல் இதத்தான் முதல்ல கையில எடுப்பாரு. அமெரிக்காவுல வட கரோலினா மாதிரி சில மாநிலத்துல இன்னும் ஒரு படி மேல, கல்யாணத்த கெடுத்துட்டாங்கன்னு அந்த துணை நேரா உங்க மேலயே நஷ்டஈடு கேஸ் போடலாம்.

அதனால வாட்ஸ்அப்ல எழுதற ஒவ்வொரு வரியும், ஸ்டோரில போடற ஒவ்வொரு போட்டோவும் ஒரு நாள் கோர்ட்டுல ப்ரிண்ட் எடுத்து நீட்டுவாங்கன்னு நினைச்சே எழுதுங்க. பழகறத பத்தி அவங்க தன்னோட வக்கீல்கிட்ட சொல்லிட்டாங்களான்னும் கேளுங்க. வக்கீலுக்கு எதிர்தரப்பு மூலமா தெரிய வர்றதுதான் ரொம்ப கெடுதல்.

உங்களுக்கு என்ன பாதுகாப்புன்னும் பாருங்க, பெரும்பாலும் ஒண்ணும் இல்ல. டிக்ரி வரலன்னா ஆஸ்பத்திரில கையெழுத்து போட கூப்பிடறது சட்டப்படி துணையாத்தான் இருக்கும், உயில் எழுதாம ஏதாவது ஆயிட்டா சொத்து பொதுவா அந்தப் பக்கம்தான் போகும். கல்யாணமானவர்னு தெரிஞ்சே சேந்து வாழ்ந்தா அத திருமணம் மாதிரியான உறவா எடுத்துக்க முடியாதுன்னு குடும்ப வன்முறை தடுப்புச் சட்டத்த வச்சு வந்த ஒரு கேஸ்ல இந்திய சுப்ரீம் கோர்ட் 2013ல சொன்னது. டிக்ரிக்கு முன்னாடி "கோயில்ல தாலி கட்டிக்கலாம், அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்"னு பேச்சு வந்தா ஓடிருங்க, அந்த கல்யாணம் செல்லாது, கட்டினவருக்கு இருதார கேஸும் வரலாம்.

படி 5: பணம்

ஒரே ரூல்தான், கலக்காதீங்க. வக்கீல் பீஸுக்கு கடன் குடுக்காதீங்க, சேந்து வீடு வாங்காதீங்க, ஜாயிண்ட் அக்கவுண்ட் வேணாம், அவங்க சொத்த உங்க பேருக்கு மாத்தி "பத்திரமா" வச்சுக்கறேன்னு ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, அது அவங்க துணைகிட்ட இருந்து மறைக்கறதுக்கு நீங்க உடந்தையா போற வேலை. குடும்ப கூட்டுப் பணத்துல உங்களுக்கு வாங்கின பரிசுக்கு கூட சில ஊர் கோர்ட்டுல கணக்கு கேப்பாங்க. ஒரே வீட்டுல குடியேறறதயும் முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடுங்க.

படி 6: அவங்க மனசு எங்க இருக்கு

1967ல ஹோம்ஸ், ராஹேன்னு ரெண்டு மனநல டாக்டருங்க, வாழ்க்கையில நடக்கற 43 விஷயத்துக்கு எது எவ்ளோ அழுத்தம் குடுக்குதுன்னு மார்க் போட்டு ஒரு பட்டியல் போட்டாங்க. துணை இறந்து போறதுக்கு 100. டைவர்ஸுக்கு 73, பிரிஞ்சு இருக்கறதுக்கு 65. ஜெயிலுக்கு போறதுக்கே 63தான். அந்த 65ல இருந்து 73 வரைக்கும் நடந்துட்டிருக்கற ஆளோடதான் நீங்க சினிமாவுக்கு போறீங்க. சிரிச்சு பேசறாங்கன்னு ஏமாந்துராதீங்க.

எப்படி கண்டுபிடிக்கறது? துணைய பத்தி எவ்ளோ பேசறாங்கன்னு கவனிங்க. பாசமா பேசறாங்களா கோவமா பேசறாங்களாங்கறது முக்கியமே இல்ல. தினமும் ஒரு மணி நேரம் திட்டறவங்க தினமும் ஒரு மணி நேரம் அவங்களோடதான் இருக்காங்க. "எல்லா தப்பும் அந்தப் பக்கம்தான்"னு சொல்றவங்கள விட, "நானும் சிலது சரியா பண்ணல"ன்னு ஒரு வரியாவது சொல்றவங்க கொஞ்சம் தூரம் நடந்து வந்திருக்காங்கன்னு அர்த்தம். வாய்தா தேதி வர்ற வாரம், கல்யாண நாள், குழந்தை பிறந்தநாள் இதெல்லாம் வந்தா ஆளு மாறிப் போவாங்க, அத உங்க மேல இருக்கற வெறுப்புன்னு எடுத்துக்காதீங்க, ஆனா அந்த வாரம் முழுக்க உக்காந்து ஆறுதல் சொல்ற வேலையும் உங்களோடது இல்ல. நான் கொஞ்ச நாள் காதலியா இருந்தத விட கவுன்சிலரா இருந்ததுதான் அதிகம், அதுக்கு ஒரு ஆள பாருங்கன்னு சொல்லி அவரு நிஜமாவே போன அப்புறம்தான் எங்களுக்குன்னு பேச வேற விஷயம் கிடைச்சுது.

படி 7: குழந்தைங்க இருந்தா

மெதுவா. நீங்க நினைக்கறத விட இன்னும் மெதுவா. அம்மாவும் அப்பாவும் திரும்ப சேருவாங்கன்னு அதுங்க உள்ளுக்குள்ள நம்பிட்டிருக்கும், நீங்க வந்து நின்னா அந்த நம்பிக்கைய உடைச்ச ஆளு நீங்கதான், நிஜத்துல யாரு உடைச்சிருந்தாலும் சரி. உறவு நிலைச்சு நிக்கும்னு உங்களுக்கே தெரியற வரைக்கும் பாக்கவே வேணாம். பாத்தாலும் பொது இடத்துல, கொஞ்ச நேரம், ப்ரெண்டா. குழந்தை வர்ற நாள்ல நீங்க அந்த வீட்டுல ராத்திரி தங்காதீங்க, கஸ்டடி கேஸ் நடக்கும்போது அது ஒரு பாயிண்டா எழுதப்படும். குழந்தைகிட்ட "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு ஒரு தடவை கூட சொல்ல வைக்காதீங்க, இது எவ்ளோ சின்ன வயசா இருந்தாலும் அதுக்கு பெரிய பாரம்.

படி 8: மறைக்கறதுல ரெண்டு வகை

கேஸ் நடக்கும்போது போட்டோ போடாம இருக்கறது, ஆபீஸ்ல சொல்லாம இருக்கறது எல்லாம் புத்திசாலித்தனம். ஆனா உலகத்துல ஒரு மனுஷனுக்கு கூட நீங்க இருக்கறது தெரியலன்னா அது கேஸுக்காக மறைக்கறது இல்ல, உங்களையே மறைக்கறது. கூடப்பொறந்தவங்களோ நெருங்கின ப்ரெண்டோ யாராவது ஒருத்தருக்கு தெரியணும். உங்க பக்கமும் அப்படித்தான், உங்களுக்கு நெருக்கமான ஒருத்தர்கிட்டயாவது உண்மை நிலைமைய அப்படியே சொல்லி வைங்க. "டைவர்ஸ் ஆயிடுச்சு"ன்னு வீட்டுல பொய் சொன்னா, நாளைக்கு உடைஞ்சா அழக்கூட இடமிருக்காது.

படி 9: உங்க காலண்டர்

அவங்களுக்கு கெடு வைக்காதீங்க, வேலைக்கு ஆகாது, கோர்ட் தேதி அவங்க கையிலயே இல்ல. உங்களுக்கு நீங்க கெடு வச்சுக்கோங்க, வெளிய சொல்லக்கூட வேணாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தேதிய குறிச்சு வச்சு, அன்னிக்கு உக்காந்து பாருங்க, ஏதாவது நகர்ந்திருக்கா? வாய்தா ரெண்டு வகை இருக்கு. ஜட்ஜ் லீவு, எதிர்தரப்பு வரல, மீடியேஷனுக்கு அனுப்பிட்டாங்க, இதெல்லாம் கோர்ட் குடுக்கற வாய்தா, பொறுத்துக்கலாம். "இந்த மாசம் வேலை ஜாஸ்தி, அடுத்த மாசம் வக்கீல பாக்கறேன்", "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்", "பையன் பரீட்சை முடியட்டும்" இதெல்லாம் அவங்களா குடுக்கற வாய்தா. ஒண்ணு ரெண்டு நியாயமா கூட இருக்கும், மூணாவது வந்தா எண்ண ஆரம்பிங்க.

இந்த நேரத்துல உங்க வேலை, படிப்பு, ஊர் மாத்தறது எதையும் "அவங்களுக்கு டைவர்ஸ் வந்த அப்புறம்"னு ஒத்திப்போடாதீங்க. நான் ஒரு நல்ல வேலைய விட்டேன், வேற ஊருன்னு. வக்கீல் நோட்டீஸ நம்பி விட்டேன்.

படி 10: திரும்பிப் போயிட்டா

போவாங்க சில பேர். குழந்தைக்காக, அப்பா அம்மாவுக்காக, சில சமயம் நிஜமாவே பாசம் மிச்சமிருந்து. அப்ப "எனக்கு கொஞ்சம் டைம் குடு, நீ மட்டும் போயிராத"ன்னு ஒரு வார்த்தை வரும் பாருங்க, அதுதான் ஸ்டெப்னி வேலைக்கான ஆர்டர். கார் நல்லா ஓடற வரைக்கும் டிக்கியில கிடக்கணும். நம்பர அழிங்க, முடியலன்னா ப்ளாக் பண்ணுங்க, அவங்க துணைக்கு போன் போட்டு எதையும் சொல்லாதீங்க, அந்த வீட்டுல இன்னொரு சண்டைக்கு காரணமா இருந்து உங்களுக்கு எதுவும் ஆகப்போறதில்ல.

படி 11: டிக்ரி வந்த அன்னிக்கு

உடனே கல்யாண தேதி குறிக்காதீங்க, பல இடத்துல அப்பீல் காலம் முடியணும், கனடாவுல பொதுவா தீர்ப்புக்கு அப்புறம் 31வது நாள், ஆஸ்திரேலியாவுல ஒரு மாசமும் ஒரு நாளும் கழிச்சு, சிங்கப்பூர்ல பொதுவா இடைக்காலத் தீர்ப்பு வந்து மூணு மாசம் கழிச்சுதான் எல்லாம் முழுசா முடியும். சர்ட்டிபிகேட் காப்பிய கையில வாங்கி பாத்துட்டு அப்புறம் மண்டபம் பாருங்க.

எங்களுக்கு அது வந்தப்ப பெட்டிஷன் போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு. வெளிய போலாம்னு நான் டிரெஸ் பண்ணிட்டு ரெடியா நின்னேன், அவரு உள்ள வந்து ஷூவ கூட கழட்டாம சோபாவுல உக்காந்துட்டாரு. ஒண்ணும் பேசல. சந்தோஷப்படுவாருன்னு நினைச்ச எனக்கு முதல்ல சுருக்குன்னு கோவம் வந்துச்சு, அப்புறம் அந்த 73 ஞாபகம் வந்துச்சு. வேற டிரெஸ் மாத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். கல்யாண பேச்ச நாலு மாசம் நான் எடுக்கல, அவரா எடுத்தப்பதான் பேசினோம்.